ஏழரை அங்குலம்

திருவொற்றியூர், எண்ணூர், தண்டையார்பேட்டை, ராயபுரம் வட்டாரத்தில் சின்னக் கார் சேர்த்து, பிரித்து, பெயிண்ட் அடித்து, மறுபடி பூட்டுகிற பிள்ளைகளுக்கு,

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, தேரடியைத் தாண்டி எக்ஸ்பிரஸ் ரோட்டைப் பார்த்த ஒரு மொட்டைமாடியில் நீங்கள் கூடினீர்களே, அங்கே தண்ணீர்த் தொட்டி நிழலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த கிழவன் நான்தான். பேரனை விட்டுவிட்டுத் திரும்பத்தான் வந்தேன். மத்தியானச் சாப்பாட்டுக்கும் வீடு போகவில்லை. அதற்கு வீட்டில் வாங்கிக் கட்டிக்கொண்டது தனிக் கதை.

இரண்டு பெஞ்சு நிறையக் கார்கள். மஸ்டாங்குகளை எண்ணத் தொடங்கிப் பாதியில் விட்டுவிட்டேன். நிசான் ஸ்கைலைன் மட்டும் ஒன்பது. ஒரு பெண்பிள்ளை போர்ஷே ஒன்றின் பின் மட்கார்டுகளைப் புட்டி வைத்து அகலப்படுத்தியிருந்தது. தடவிப் பார்த்தேன். உலோகம் எங்கே முடிகிறது, புட்டி எங்கே தொடங்குகிறது என்று விரலுக்குப் பிடிபடவில்லை. முப்பத்தாறு வருடம் இதே வேலையைக் கட்டையில் செய்து சம்பளம் வாங்கியவன் சொல்கிறேன், அது நல்ல கை.

அப்போது கீழே ஒரு ட்ரெய்லர் ஹாரன் அடித்துக்கொண்டு போனது. மாடி அதிர்ந்தது. பெஞ்சு ஓரத்தில் நின்ற ஒரு ஃபெராரி அரை அங்குலம் நகர்ந்ததை நான் பார்த்தேன். உங்களில் ஒரு தலைகூடத் திரும்பவில்லை. பிறந்ததிலிருந்து கேட்கிற சத்தம். பெஞ்சிலும் அந்த ட்ரெய்லர் இல்லை. லேலண்டு லாரி இல்லை. திருவான்மியூர் போகிற 1-ஆம் நம்பர் பஸ் இல்லை. புல்லட் இல்லை. அம்பாசடர் ஒன்று இருந்தது. பின்னால் இழுத்துவிட்டால் ஓடுகிற பிளாஸ்டிக் பொம்மை, யாரோ கூட வந்த தம்பி அழக்கூடாதென்று எடுத்து வந்தது.

வீட்டுக்கு வந்த பிறகும் அந்த இல்லாத ட்ரெய்லர் என்னை விடவில்லை.

நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். ஐ.டி.ஐ.யில் பேட்டர்ன் மேக்கிங் படித்து, இந்தப் பக்கத்து ஃபவுண்டரி ஒன்றில் வேலைக்குச் சேர்ந்து, அங்கேயே ரிட்டயர் ஆனவன். இரும்பை உருக்கி மணல் அச்சில் ஊற்றுவதற்கு முன்னால், அந்த மணலில் பள்ளம் பதிக்க மரத்தில் ஓர் உருவம் வேண்டும். அதுதான் பேட்டர்ன். கியர்பாக்ஸ் கூடு, ஹப், பிரேக் டிரம் என்று லாரியின் வயிற்றில் உள்ளவை எல்லாம் முதலில் தேக்கில் பிறந்து, பிறகு இரும்பில் மறுபிறவி எடுத்தவை. இழைத்து, ஒட்டி, மூலைகளில் மெழுகு வைத்து வளைத்து, உப்புத்தாள் போட்டு, வார்னிஷ் அடித்துக் கொடுப்போம். நீங்கள் மாடியில் செய்வதும் அதுவே. எங்களுக்கு அதற்கு பி.எஃப். பிடித்தார்கள், அவ்வளவுதான்.

சேர்ந்த முதல் வாரம் நான் ஒரு பேட்டர்னைப் பாழாக்கினேன். பெஞ்சில் இரண்டு ஸ்டீல் ஸ்கேல் கிடந்தன. கைக்கு வந்ததை எடுத்துக் கோடு போட்டேன். வார்த்த பிறகு உருப்படி சின்னதாகிப் போயிற்று. ஃபோர்மேன் திட்டவில்லை. இரண்டு ஸ்கேலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார். ஒன்றின் அடி மற்றதன் அடியைவிட நீளம்! வார்ப்பிரும்பு ஆறும்போது அடிக்கு ஏறக்குறைய அரைக்கால் அங்குலம் சுருங்கும். ஸ்டீல் அதைப்போல் இரண்டு பங்கு சுருங்கும். அந்தச் சுருக்கத்தை முன்கூட்டியே சேர்த்து நீட்டி அடித்த ஸ்கேல் அது. ஷ்ரிங்க் ஸ்கேல் என்போம். "இரும்பு திருடப்போறதை முன்னாடியே குடுத்துடணும்டா" என்றார். அன்றிலிருந்து எந்தப் பொருளைப் பார்த்தாலும் எனக்கு இரண்டு அளவு தெரியும். வீட்டுக்காரிக்கு இது பெரிய தொல்லை. கத்திரிக்காயை எடுத்தாலும் வார்ப்பு அளவு சொல்கிறேனாம்.

உங்கள் ஸ்கேல்களுக்கும் இப்படிப் பூர்வீகம் உண்டு. 1/43 என்கிற வினோத எண் எங்கிருந்து வந்தது என்று அன்று ஒரு பையனைக் கேட்டேன், விழித்தான். அது ரயிலில் இருந்து வந்தது தம்பி. இங்கிலாந்தில் ஓ கேஜ் பொம்மை ரயிலுக்கு, நிஜத்தில் ஓர் அடி என்றால் பொம்மையில் ஏழு மில்லிமீட்டர் என்று ஒரு கணக்கு. அடி 304.8 மில்லிமீட்டர், ஏழால் வகுத்தால் நாற்பத்துமூன்றரை. லிவர்பூலில் மெக்கானோ கம்பெனி அந்த ரயில் ஸ்டேஷன் வாசலில் நிறுத்தி வைக்க என்று 1930-களில் வார்த்த கார்கள்தான் டிங்கி. 1/24 என்றால் அடிக்கு அரை அங்குலம். 1/12 என்றால் அடிக்கு ஓர் அங்குலம். அங்குலக் கணக்குத் தெரிந்த தச்சன் வைத்த எண்கள் இவை.

மேட்ச்பாக்ஸ், ஹாட் வீல்ஸ் இரண்டுக்கும் அந்த ஒழுங்கு கிடையாது. பெட்டிக்குள் அடங்க வேண்டும், அது ஒன்றே கணக்கு. லண்டனில் ஜாக் ஓடெல் என்பவரின் மகள் படித்த பள்ளியில், தீப்பெட்டிக்குள் அடங்குகிற பொம்மை மட்டும் கொண்டுவரலாம் என்று விதி. அப்பா பித்தளையில் ஒரு ரோடு ரோலர் செய்து தீப்பெட்டியில் போட்டுக் கொடுத்தார். 1953-இல் அதுவே வியாபாரமாயிற்று. அதனால்தான் அந்த வரிசையில் பஸ்ஸும் காரும் ஒரே நீளம். உங்கள் பெஞ்சில் ஒருவர் தெரு மாதிரி அமைத்து, பஸ் பக்கத்தில் காரை நிறுத்தியிருந்தார். கார்க்காரன் எழுந்து நின்றால் பஸ் கூரையில் தலை இடிக்கும். கை வேலையில் ஒரு குறையும் இல்லை, ஸ்கேல்தான் கெடுத்தது. (தீப்பெட்டி என்றதும் ஒன்று. விம்கோ நகர் மெட்ரோ ஸ்டேஷனில் இறங்குகிறீர்களே, அந்த விம்கோ தீப்பெட்டிக் கம்பெனி. உலகம் முழுக்கத் தீப்பெட்டிக் கார் சேர்க்கிறவர்கள் இருக்கலாம், தீப்பெட்டி செய்த ஊரிலிருந்து சேர்க்கிறவர்கள் எத்தனை பேர்?)

இனி விஷயத்துக்கு வருகிறேன். அன்று ஒருவர், பாவம் மரியாதையாகத்தான், என்னிடம் சொன்னார்: "ஐயா, இதெல்லாம் ஃபாரின் ஹாபி. நம்ம ஊர்ல கிட்டே கிடைக்காது, நாம என்ன பண்றது?"

கிட். இந்தச் சொல்லுக்குத்தான் நான் காத்திருந்தேன்.

1956-இல் திருவொற்றியூரில் என்ஃபீல்டு தொழிற்சாலை தொடங்கியபோது, முதல் புல்லட்டுகள் இங்கிலாந்திலிருந்து கிட்டாகத்தான் கப்பலில் வந்தன. பிரித்த பாகங்கள், பெட்டிக்குள். அதை நம் ஊர் ஆட்கள் பூட்டினார்கள். அந்த வருடக் கடைசிக்குள் 163 வண்டி. அதற்கும் முன்னால் எண்ணூரில், 1948-இல் ரகுநந்தன் சரண் தன் மகன் அசோக் பெயரில் அசோக் மோட்டார்ஸ் தொடங்கி, 1949-இல் முதல் ஆஸ்டின் ஏ40 காரை வெளியே விட்டார். அதுவும் வெளியூர்ப் பாகங்களைப் பூட்டியதே. இங்கே முழு அளவு ஆஸ்டினைப் பூட்டிக்கொண்டிருந்த அதே காலத்தில் லிவர்பூலில் டிங்கிக்காரர்கள் அதே ஆஸ்டினை விரல் நீளத்துக்கு வார்த்துக்கொண்டிருந்தார்கள் என்பது எனக்குப் பிடித்த தகவல். பிறகு லேலண்டோடு ஒப்பந்தம். காமெட் லாரி. 1955-இல் கம்பெனியின் பெயரே அசோக் லேலண்டு ஆயிற்று.

பூட்டினார்கள், பூட்டிக்கொண்டே இருந்தார்கள், ஒரு நாள் பாகத்தைத் தாங்களே வார்க்கத் தொடங்கினார்கள். அதற்குப் பேட்டர்ன் செய்தவர்களில் என் வாத்தியார்கள் இருந்தார்கள். 1970-இல் இங்கிலாந்தில் தாய்க் கம்பெனி மூடிப்போன பிறகும் புல்லட் இங்கே ஓடிக்கொண்டிருந்தது. 1977-இல் நம் ஊர் வண்டி அந்த இங்கிலாந்துக்கே ஏற்றுமதியாயிற்று. கிட் வாங்கிப் பூட்டியவன் கிட் அனுப்பியவனுக்கே வண்டி விற்ற கதை இது. நீங்கள் மாடியில் இருப்பது அந்தக் கதையின் முதல் அத்தியாயத்தில். எனக்கு உங்கள் மேல் இருக்கிற ஒரே புகார், அங்கேயே சொகுசாக உட்கார்ந்துவிட்டீர்கள் என்பது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1946-இல் ஜப்பானில் ஷிசுவோகா என்கிற ஊரில் தமியா என்பவர் மரம் அறுக்கிற வியாபாரம் தொடங்கினார். சில வருடத்தில் மரத்தில் கப்பல் மாதிரிகள் செய்து பார்த்து, தீ விபத்தில் மரமெல்லாம் போய், கடைசியில் பிளாஸ்டிக்குக்கு மாறினார்கள். நீங்கள் நாக்கில் நீர் ஊறப் பார்க்கிற தமியா கிட்டுகள் அந்தக் கடைச் சரக்குதான். அதே 1946-இல் திருவொற்றியூரில் ஒரு கொட்டகையில் மாம்மன் மாப்பிள்ளை என்பவர் குழந்தைகளுக்கான ரப்பர் பலூன் செய்யத் தொடங்கினார். அது எம்.ஆர்.எஃப். ஆகி, டயருக்குப் போயிற்று. மரக்கடைக்காரர் பொம்மைக்கு வந்தார், பொம்மைக்காரர் டயருக்குப் போனார். எம்.ஆர்.எஃப். பொம்மையிலேயே நின்றிருந்தால் என்று சில ராத்திரி யோசித்திருக்கிறேன். பெரிய விஷயமில்லை, தூக்கம் வராத வயசு.

அந்தத் தமியா கதையில் உங்களுக்கு வேண்டியது ஒன்று உண்டு. 1970-களில் போர்ஷே 934 காரை 1/12 அளவில் கிட்டாகப் போட முடிவு செய்தபோது, தமியாவின் மகன் ஷுன்சாகு நிஜ போர்ஷே 911 ஒன்றை விலைக்கு வாங்கி, ஆணி ஆணியாகப் பிரித்து அளந்தார். பிரித்ததைத் திரும்பப் பூட்டத் தெரியாமல், போர்ஷே மெக்கானிக்குகளைக் கூப்பிட வேண்டியதாயிற்றாம். அந்த கிட் 1976-இல் வந்தது. இன்றும் கொண்டாடுகிறார்கள். அளப்பதற்காக ஒரு காரையே விலைக்கு வாங்கினான் அவன். நமக்கு அளக்க வேண்டிய வண்டி வாசலில் வரிசையாக நிற்கிறது, சும்மா.

வாருங்கள், கீழே போன ட்ரெய்லரையே எடுத்துக்கொள்வோம். லாரியை அளப்பது கஷ்டம், டிரைவர் விடமாட்டார், படம்தான் கிடைக்கும் என்பீர்கள். படத்தில் அளவு தெரிய ஓர் அளவுகோல் வேண்டும். உலகத்தில் எந்தத் தெருவிலும் இல்லாத வசதியாக, நம் தெருவில் நாற்பதடி அளவுகோலைச் சக்கரம் வைத்து நிறுத்தியிருக்கிறார்கள். இந்தப் பெரிய கன்டெய்னர் உலகம் பூராவும் ஒரே அளவு. நீளம் நாற்பதடி, அகலம் எட்டடி. உயரம் மட்டும் இரண்டு வகை, எட்டரை அடி, ஒன்பதரை அடி. ஒன்பதரை அடிப் பெட்டி என்றால் மேல் மூலைகளில் மஞ்சளும் கறுப்புமாகப் பட்டை இருக்கும், பாருங்கள். எட்டு மூலையிலும் ட்விஸ்ட் லாக் மாட்டுகிற துவாரம் வைத்த கனமான கட்டி ஒன்று உண்டு. அது வார்ப்பு ஸ்டீல், எங்கள் சாதி. 178, 162, 118 மில்லிமீட்டர். பெட்டி எந்த நாட்டில் செய்ததானாலும் இது மாறாது, மாறினால் கிரேன் தூக்காது. ஆக ஒரே படத்தில் உங்களுக்குப் பெரிய அளவு, சின்ன அளவு இரண்டும் கிடைத்துவிட்டன. பெட்டியை வைத்து சேசிஸ் நீளம், மூலைக் கட்டியை வைத்து விளக்கு, கொக்கி, டயர் எல்லாம் கணக்குப் போடலாம். கிட்டத்தில் நின்று செல்போனில் எடுத்தால் முன்பக்கம் வீங்கிவிடும். எதிர்ச் சாரிக்குப் போய், தூரமாக நின்று, ஜூம் வைத்து, நேர் பக்கவாட்டில் எடுங்கள்.

1/64-இல் நாற்பதடி என்பது சரியாக ஏழரை அங்குலம். அகலம் ஒன்றரை. சிரிக்காதீர்கள், எங்கள் தெரு ஜனங்களுக்கு அந்தப் பெட்டி எப்போதும் ஏழரைதான். 1/24-இல் சரியாக இருபது அங்குலம். இருபதடிப் பெட்டியில் ஒரு சூட்சுமம் உண்டு: அது முழு இருபதடி கிடையாது, ஒன்றரை அங்குலம் குறைவு. இரண்டு இருபதடியை ஒரு நாற்பதடி இடத்தில் வைத்தால் நடுவில் மூன்று அங்குல இடைவெளி விழ வேண்டுமே, அதற்காக. 1/64-இல் அந்த இடைவெளி ஒரு மில்லிமீட்டரும் கொஞ்சமும். அந்த இடைவெளி விட்டுச் செய்தீர்களானால், துறைமுகத்தில் வேலை செய்கிற யாரோ ஒருத்தருடைய அப்பா உங்கள் பெஞ்சைத் தாண்டிப் போகும்போது நின்றுவிடுவார். ஒட்டவைத்துச் செய்தால் அவர் பாட்டுக்குப் போய்விடுவார்.

சாமான் எங்கே என்கிறீர்களா? ஃபிளெக்ஸ் போர்டு கடையில் வெட்டி எறிகிற ஃபோம் ஷீட் துண்டுகளைக் கேட்டு வாங்குங்கள். தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் சின்ன பஸ் கட்டுகிற பிள்ளைகள் அந்த ஷீட்டில்தான் ஜன்னல் கம்பிவரை செய்கிறார்கள். லாரிக்கு எழுத்து வெட்டுகிற ரேடியம் ஸ்டிக்கர் கடைக்காரரிடம், 'சவுண்ட் ஹாரன்' என்று மூன்று மில்லிமீட்டரில் வெட்டித் தரச் சொல்லுங்கள். முதலில் முறைப்பார், பிறகு போட்டி மனப்பான்மை வந்துவிடும். கெமிக்கல் சாமான்களுக்கு நைனியப்ப நாய்க்கன் தெரு இருக்கிறது. துருவுக்கு எங்கும் போக வேண்டாம். உப்புக்காற்றில் நிற்கிற எந்த கேட்டையும் சுரண்டினால் அசல் துரு, நைசாக அரைத்து மேட் வார்னிஷில் ஒட்டிக்கொள்ளுங்கள். துருப்பிடித்த ட்ரெய்லர் எப்படி இருக்கும் என்று வெளியூர்க்காரன் படம் பார்த்துத்தான் கற்றுக்கொள்ள வேண்டும்.

பெயிண்டில் ஒரு கணக்கு. நிஜக் காரின் மேல் பெயிண்ட் எல்லாம் சேர்ந்து சுமார் பத்தில் ஒரு மில்லிமீட்டர். அதே கனத்தை நீங்கள் 1/64 காரில் அடித்தால், நிஜக் கார் மேல் கால் அங்குலத்துக்குப் பெயிண்ட் அப்பிய மாதிரி. கதவு இடுக்கு மூடிப்போய், கார் சோப்புக்கட்டி ஆவது அதனால்தான். அன்று நான் பார்த்த கார்களில் பாதி சோப்புக்கட்டி. கோபித்துக்கொள்ளாதீர்கள். பழைய பெயிண்டை முழுக்க எடுத்துவிட்டு, தின்னர் தாராளமாகச் சேர்த்து, மூச்சு விட்ட மாதிரி மூன்று முறை அடியுங்கள்.

பழைய பெயிண்டை எடுக்க காஸ்டிக் சோடா போடாதீர்கள். இது என் சொந்தச் செலவில் கற்ற பாடம். மூர் மார்க்கெட் எரிவதற்கு முன்னால், அதாவது 1985-க்கு முன்னால், அங்கே பழைய சாமான் குவியலில் ஒரு வார்ப்புக் கார் வாங்கினேன். டிங்கி அச்சுகள் கல்கத்தாவுக்கு வந்து 'நிக்கி' என்ற பெயரில் விற்றார்களே, அந்த வகை. காஸ்டிக் தண்ணீரில் ராத்திரி போட்டுவிட்டு ஷிஃப்டுக்குப் போனேன். காலையில் கார் மேலெல்லாம் அம்மைத் தழும்பு. ஃபவுண்டரியில் வேலை செய்கிறவனுக்கு இதுகூடத் தெரியாதா என்று சிரித்தார்கள். எனக்கு இரும்புதான் தெரியும். அந்தக் கார்கள் துத்தநாகம். நாலு சதவீதம் அளவுக்கு அலுமினியம் கலந்த ஜமாக். துத்தநாகம், அலுமினியம் இரண்டையுமே காஸ்டிக் தின்னும்.

அந்த உலோகத்துக்கு ஒரு வியாதியும் உண்டு. துத்தநாகத்தில் ஈயம் கலந்துவிட்டால், அதுவும் லட்சத்தில் ஐந்து பங்கைத் தாண்டினாலே போதும், வருடங்கள் கழித்து வார்ப்பு உள்ளுக்குள் அரிக்கத் தொடங்கும். வெளியே பெயிண்ட் பளபளப்பாக இருக்கும். பிறகு ஒரு நாள் மேலே வெடிப்பு, கொப்புளம், கூரை வளைவு. தொட்டால் பிஸ்கட் மாதிரி உதிரும். தடவிக் குணப்படுத்த மருந்தில்லை, வார்த்த அன்றே எழுதப்பட்ட விதி. அச்சுப் பக்கத்தில் எவனோ ஒரு ஈயத் துண்டை உருக்குச் சட்டியில் விழவிட்டிருப்பான், முப்பது வருடம் கழித்து வேறொரு நாட்டில் வேறொருவன் அலமாரியில் கார் தூளாகும். ஈரக் காற்று இதைத் துரிதப்படுத்தும். நாம் கடலுக்கு எத்தனை தெரு தள்ளி இருக்கிறோம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. பழைய கார் வாங்குகிறவர்கள் கதவுக் கீலுக்குப் பக்கத்தையும் அடித்தட்டையும் வெயிலில் சாய்த்துப் பார்த்து வாங்குங்கள்.

இதனால்தான் பெட்டி பிரிக்காமல் சுவரில் ஆணியடித்து மாட்டி வைக்கிறவர்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வருகிறது. உங்களில் நாலைந்து பேர் அப்படி. கடை திறக்கும் முன்பே போய் நின்று, 'ட்ரெஷர் ஹன்ட்' என்று கம்பெனிக்காரன் அபூர்வமாகக் கலந்து வைக்கிற காரையெல்லாம் பொறுக்கியெடுத்து, பத்து மடங்கு விலைக்கு விற்கிறவர்களும் இருக்கிறீர்கள். பின்னால் சேமிப்பு உண்டியல் காசோடு வருகிற ஏழு வயசுப் பிள்ளைக்கு மிச்சம், கார் மாட்டியிருந்த வெறும் கம்பிதான். உங்களைச் சொல்லிக் குற்றமில்லை என்று எழுத வந்தேன், இல்லை, குற்றம்தான். பட்டினத்தார் சமாதி கடற்கரைப் பக்கம் இங்கேதான் இருக்கிறது. ஒரு சாயங்காலம் போய் உட்கார்ந்துவிட்டு வாருங்கள். கப்பல் கப்பலாகச் சரக்கு வைத்திருந்த மனுஷன் என்று சொல்வார்கள்.

விலை ஏறியதற்கு வேறு காரணமும் உண்டு, நியாயமாகச் சொல்ல வேண்டும். இறக்குமதி பொம்மைக்கு 2020-இல் சுங்க வரியை 20 சதவீதத்திலிருந்து 60 ஆக்கினார்கள், 2023-இல் 70. 2021 தொடக்கத்திலிருந்து ஐ.எஸ்.ஐ. முத்திரை இல்லாமல் பொம்மை விற்க முடியாது. மட்டமான பெயிண்ட் பூசிய பொம்மையைக் குழந்தை வாயில் வைக்கக்கூடாது என்பது சரியான எண்ணம், உள்ளூர்க்காரன் பிழைப்பான் என்பதும் சரி. ஆனால் உள்ளூர்க்காரன் லேலண்டு காமெட்டை 1/64-இல் வார்த்து விற்றால்தானே? இப்போது நடப்பதைப் பாருங்கள். ஒரகடத்தில் செய்த நிசான் கார்கள் 2010 முதல் எண்ணூர்த் துறைமுகத்தில் கப்பலேறுகின்றன. பொம்மை நிசான் வெளிநாட்டில் பெட்டியேறி, வரி கட்டி, நம் பெஞ்சுக்கு வருகிறது. பெரிய கார் போகிறது, சின்ன கார் வருகிறது.

பெரும்பாணாற்றுப்படையில் தச்சர் வீட்டுப் பையன்கள் செய்த தேர் ஒன்று வருகிறது. யாரும் ஏறிப் போக முடியாத தேர், பிள்ளைகள் உருட்டி விளையாடுவதற்கு. என்ன ஸ்கேல் என்று புலவர் சொல்லவில்லை. ஆனால் அந்தப் பையன்கள் ரோமாபுரித் தேரைப் பார்த்துச் செய்திருக்க மாட்டார்கள். அப்பா பட்டறையில் நின்ற தேரைப் பார்த்துத்தான் செய்திருப்பார்கள். உங்கள் அப்பாக்களும் தாத்தாக்களும் எங்கே வேலை செய்தார்கள்? அன்று அந்த மாடியில் விசாரித்தேன். ஒருவர் வீட்டில் லேலண்டு அசெம்ப்ளி, ஒருவர் வீட்டில் துறைமுக கிரேன், ஒருவருடைய பெரியப்பா டயர். இன்னொரு பையனின் தாத்தா புல்லட் டேங்க்குக்குக் கையால் கோடு இழுப்பதைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறாராம். ஸ்கேல் வைக்காமல், டேப் ஒட்டாமல், ஒரே மூச்சில் தங்கக் கோடு. திருவொற்றியூர் புல்லட்டின் அடையாளமே அதுதான். அந்தத் தாத்தாக்கள் எல்லாம் என் வயசுக்காரர்கள். காமெட்டின் முன்முகப்பு எத்தனை அங்குலம், ஆஸ்டின் கதவுக் கைப்பிடி எந்தப் பக்கம் திரும்பும் என்று கேட்டால் சொல்லிவிடுவார்கள், இந்த வருடம். ஆஸ்டின் ஏ40-இன் இரண்டு அச்சுக்கும் இடையே தொண்ணூற்றிரண்டரை அங்குலம், புல்லட்டுக்கு ஐம்பத்துநாலு. இது இரண்டும் எனக்கு மனப்பாடம். மற்றதற்கு நீங்கள்தான் அவர்கள் வாசலில் போய் உட்கார வேண்டும்.

மாஸ்க் போடுங்கள். புட்டியைத் தேய்க்கும்போது, ஸ்ப்ரே அடிக்கும்போது, கட்டாயம். எங்கள் காலத்தில் மணல் தூசிக்குக் கைக்குட்டை கட்டிக்கொண்டு ஆம்பிளைத்தனம் என்று நினைத்தோம். இப்போது ராத்திரி மூன்று மணிக்கு இருமும்போது அந்தக் கைக்குட்டையை நினைத்துக்கொள்கிறேன். நம் ஊர்க் காற்றில் ஏற்கெனவே நிறையக் கலந்திருக்கிறது, நீங்களும் கொஞ்சம் சேர்க்க வேண்டாம்.

வரும் ஞாயிறு காலை ஏழு மணிக்கு, எக்ஸ்பிரஸ் ரோடு ஓரம் ட்ரெய்லர்கள் நிற்கிற இடத்துக்கு நான் டேப்பும் நோட்டும் எடுத்துக்கொண்டு வருகிறேன். தெரிந்த டிரைவர் ஒருவரிடம் பேசிவிட்டேன். டீயும் பன்னும் கேட்டிருக்கிறார், அது என் செலவு. ரோட்டுப் பக்கம் யாரும் இறங்கக் கூடாது, ஓரத்திலிருந்து அளக்க முடிந்ததை மட்டும் அளப்போம். மட்கார்டு வேலை செய்த அந்தப் பெண்பிள்ளை அவசியம் வர வேண்டும். கேபின் முகப்பின் வளைவை அட்டையில் டெம்ப்ளேட் எடுக்க அப்படி ஒரு கை வேண்டும்.

யாராவது ஏணி கொண்டு வாருங்கள். எங்கள் வீட்டு ஏணியில் மூன்றாவது படி இல்லை.

இப்படிக்கு,
தண்ணீர்த் தொட்டி நிழலில் உட்கார்ந்திருந்தவன்,
திருவொற்றியூர்